சிவப்பு ஆயில் இல்லாத வண்டி

பிப்ரவரி 11

அண்ணா,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், நடுவில் இவர் போனைப் பிடுங்கி வைத்துவிடுவார். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ கத்தினால் உன் பட்டறை ஆட்கள் கேட்டுக்கொள்ளட்டும், எனக்கு நஷ்டமில்லை.

லாரி சர்வீஸில் ஒரு பார்சல் வரும். உள்ளே இருப்பது நீ போன வருஷம் அனுப்பிய கிளட்ச் பிளேட். ஆள் அடையாளம் தெரியாமல் கருகிக் கிடக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று கருகியதும் உனக்குத் தெரியும். நீ இந்தப் பிக்கப்பை எங்களுக்குப் பார்த்துக் கொடுத்தபோது வண்டியோடு வந்த பிளேட் பத்து வருஷம் உழைத்தது. அதே வண்டி, அதே டிப்போ, அதே சிமெண்டு மூட்டையும் டைல்ஸும்தான் இப்போதும் ஏற்றுகிறார். இப்போது மட்டும் ஏன் இப்படித் தின்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். கியர் பல்லைப் பார்த்தே வண்டியின் ஜாதகம் சொல்கிறவன் என்றுதானே உனக்குப் பல் டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை. சொன்னால் உனக்குப் பிடிக்காது. இந்த வண்டியைத் தள்ளிவிட்டு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிவிடலாமா? கீழ்வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் ஓட்டுவது ஆட்டோமேட்டிக்தான். ராப்பகலாக ஓடுகிறது. "ஆயிலை ஒழுங்கா மாத்தினா அது பாட்டுக்கு ஓடும்மா, கிளட்ச்சுங்கற தொல்லையே கிடையாது" என்கிறார். இவரிடம் கேட்டேன். "உங்கண்ணன் கேட்டா சிரிப்பான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு வந்ததும் தண்ணீர்ச் சொம்போடு உட்காருகிறார். முன்னே மாதிரிப் பேச்சில்லை. எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது.

பிளேட் அனுப்பும்போது கிளட்ச் பெடலுக்கு ஒரு ரப்பரும் அனுப்பு. இருந்தது கிழிந்து விழுந்துவிட்டது. வெறும் இரும்பு விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

தங்கச்சி

பிப்ரவரி 20

தங்கச்சி,

பிளேட் வந்தது. பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் "யார் ஓட்டினது, பழகுற பையனா?" என்று கேட்டார்கள். என் மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை.

அவனுக்கு வண்டி பழக்கியது நான். இடது செருப்பைக் கழற்றி வை, வெறுங்காலால் பெடலை மிதி, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று உள்ளங்கால் சொல்லும் என்று கற்றுக்கொடுத்தது நான். அதனால்தானே டிப்போவில் அவனுக்கு ஒத்தைச் செருப்பு என்று பட்டப்பெயர் வந்தது. அப்படிப்பட்டவன் இப்போது பெடல்மேல் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டுகிறான் என்று இந்தப் பிளேட் சொல்கிறது. வயசானால் சோம்பல் வரும். வண்டியைக் குறை சொல்லாதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆட்டோமேட்டிக் பேச்சை விடு. அது மூடிய பானை. உள்ளே வேகிறதா கருகுகிறதா என்று வெளியே தெரியாது. அதற்கு எமன் சூடு. சுமையேற்றி மேட்டுத் தெருவில் ஏறு, உள்ளே ஆயில் கொதிக்கும். ஆயில் கருகினால் உள்ளே இருக்கிற தட்டெல்லாம் போச்சு. பிரித்து மாட்டத் தெரிந்தவன் உங்கள் பக்கம் ஒருவனும் இல்லை. ஆம்புலன்ஸை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், உன் வண்டியை யார் பார்ப்பார்? கியர் வண்டி எருமை மாதிரி, அழகில்லை, ஆனால் விழாது. அதில் கிளட்ச் என்பது செருப்பு. தேய்ந்தால் செருப்பைத்தானே மாற்றுவோம், காலையா மாற்றுவோம்?

பிளேட் அனுப்பியிருக்கிறேன். பெடல் ரப்பர் எதற்கு? வெறுங்காலால் ஓட்டுகிறவனுக்கு இரும்புதான் நல்லது, வழுக்காது.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

நீ அனுப்பிய பிளேட்டைப் போட்டாயிற்று. இருந்தும் போன வாரம் மேட்டுத் தெருவில் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. டைல்ஸ் பெட்டிகள் சரிந்து பாதிக்கு மேல் நொறுங்கிப்போயின. யாருக்கும் அடியில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். இவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டால், "தெரியலடி, மிதிச்சேன்னுதான் நெனச்சேன்" என்கிறார்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவினேன். கிளட்ச் பெடலுக்குக் கீழே இருக்கிற கால் விரிப்பில் பழுப்பும் சிவப்புமாகக் கறை. தேய்த்தால் பிசுபிசுக்கிறது. அந்த வண்டியில் எங்கேயாவது சிவப்பாக ஆயில் உண்டா? இவரைக் கேட்டதற்கு, "எங்கியாவது லீக்கா இருக்கும், உங்கண்ணனக் கேளு" என்றார். கேட்கிறேன்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். நேற்று ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இடது செருப்பை வண்டியில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் காலில் செருப்பில்லை என்பதே தெரிந்தது. டிப்போவிலிருந்து கல்லும் மண்ணுமாக நடந்து வந்திருக்கிறார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கச்சி

ஏப்ரல் 14

தங்கச்சி,

சிவப்பு ஆயில் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றுவது. உன் வண்டியில் அந்த இடத்தில் சிவப்பு ஆயில் கிடையவே கிடையாது. பயப்படாதே. பெடலுக்கு மேலே கிளட்சுக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. அதன் ரப்பர் போனால் ஆயில் பெடல் வழியாகவே வழிந்து விரிப்பில் சொட்டும். பழைய ஆயிலோடு துருவும் சேர்ந்தால் நீ சொல்கிற நிறம்தான் வரும். கிளட்ச் சரியாக விடாததற்கும் பிளேட் கருகுவதற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. ரப்பர் கிட் அனுப்பியிருக்கிறேன், மாட்டச் சொல்.

செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். காலில் செருப்பில்லாதது தெரியாமல் ஒருவன் தெருவில் நடந்து வருகிறான் என்றால் அவன் என்ன சாப்பிட்டிருப்பான்? நீ வெகுளி. மேட்டில் வண்டி உருண்டதும் அதனால்தான். அவனிடம் நானே போனில் பேசுகிறேன்.

அண்ணன்

மே 9

அண்ணா,

நீ பேசிவிட்டாய். நன்றாகவே பேசிவிட்டாய். "குடிச்சிட்டு வண்டியத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொல்றான்டி உங்கண்ணன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டார். அவர் குடிப்பது தண்ணீர். பகலெல்லாம் தண்ணீர். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கால் விரிப்பை அவரே கழுவிக் காயப்போடுகிறார். என்னைக் கிட்டே விடுவதில்லை.

நீ அனுப்பிய ரப்பர் கிட்டை மாட்டினார்கள். பழைய ரப்பர் நன்றாகத்தான் இருந்தது என்று இங்கே மெக்கானிக் சொன்னார். கறை நிற்கவில்லை. இப்போது வண்டிக்குள் எலி செத்த நாற்றம் வேறு. சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டேன், எலியைக் காணோம். இவர் இடது காலுக்கு மட்டும் சாக்ஸ் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டால் பெடல் சுடுகிறதாம். இத்தனை வருஷமாகச் சுடாத பெடல்.

மூன்றாவது பிளேட்டும் போய்விட்டது. அனுப்பியிருக்கிறேன். நானும் தினமும் தையல் மெஷினைக் காலால் மிதிக்கிறவள்தான் அண்ணா. மிதி சரியில்லை என்றால் நூல் அறும். குறை நூலில் இருக்காது. ஆனால் எங்கே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டிப்போ முதலாளி இன்னொரு தடவை சாமான் உடைந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எங்கள் அடுப்பு எரிவது இந்த வண்டியால்தான். உன் வீம்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஆட்டோமேட்டிக் பார்.

தங்கச்சி

மே 21

தங்கச்சி,

நாற்றத்துக்கு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார். எலி அங்கேதான் கூடு கட்டும்.

இதை எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

மூன்றாவது பிளேட் என் மேஜைமேல் இருக்கிறது. பழைய இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெடல்மேல் காலை ஊன்றிக்கொண்டு ஓட்டுகிறவன் பிளேட் ஒரே சீராகத் தேயும். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் கியர் பல்லை உடைப்பான். உன் கியர் பல்லெல்லாம் முத்து மாதிரி இருப்பதாக உங்கள் மெக்கானிக் போனில் சொல்கிறான். அப்படியானால் கை சரியாக இருக்கிறது, புத்தி சரியாக இருக்கிறது. கால் மட்டும் ஒருநாள் முழுதும் மிதிக்கிறது, ஒருநாள் பாதி மிதிக்கிறது, ஒருநாள் பிடித்தது தெரியாமலே விடுகிறது. இப்படி ஒரு தேய்மானத்தை நான் பார்த்ததில்லை. பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவன் ஓட்டியது மாதிரி இருக்கிறது.

நான் சொல்கிறபடி செய். அவனை வண்டியில் உட்காரவைத்து, சாக்ஸைக் கழற்றி, கண்ணை மூடச் சொல். கிளட்சை மெதுவாக விடச் சொல். எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அவன் வாயால் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அந்தக் காலை நன்றாகப் பார். வண்டியை அப்புறம் பார்க்கலாம்.

அண்ணன்

ஜூன் 2

அண்ணா,

உன் கடிதத்தைக் கீழ்வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இவரை அங்கே கொண்டுபோனதும் அவர்தான். இவர் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். நான் சாக்ஸைக் கழற்றினேன். பாதத்தோலும் கூடவே வந்தது.

சர்க்கரை என்றார்கள். எத்தனையோ வருஷமாக உள்ளே இருந்திருக்கிறதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் உணர்ச்சியைத் தின்றிருக்கிறது. உள்ளங்காலில் பெடல் படுகிற இடத்தில் ஒரு வெட்டு. இரும்பு விளிம்பின் அளவுக்கு அதே வளைவில் இருந்தது. மிதிக்க மிதிக்க ஆழமாகப் போயிருக்கிறது, வலியே இல்லை. "இத்தனை நாளா எப்படிங்க நடந்தாரு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நடந்தார், ஓட்டினார், மூட்டை இறக்கினார் என்று சொன்னேன். ஏன் மறைத்தீர்கள் என்று இவரைக் கேட்டதற்கு, "கால் மரத்துப்போச்சுன்னா லைசன்ஸப் புடுங்கிடுவாங்கடி. உங்கண்ணனும் அசிங்கமாப் பேசுவான்" என்றார்.

நேற்று எடுத்துவிட்டார்கள், முழங்காலுக்குக் கீழே. நான் கையெழுத்துப் போட்டேன்.

நீ பிளேட் அனுப்பினாய், சிலிண்டருக்கு ரப்பர் கிட் அனுப்பினாய். நான் கேட்ட பெடல் ரப்பர் மட்டும் வரவில்லை. அந்த வண்டியில் சிவப்பு ஆயில் கிடையவே கிடையாது, பயப்படாதே என்று எழுதினாய். நான் பயப்படவில்லை அண்ணா. நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று கால் விரிப்பைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தங்கச்சி

ஜூலை 17

தங்கச்சி,

பல தடவை எழுதிப் பார்த்தேன். வேலை விஷயம் மட்டும் எழுதுகிறேன், அதுதான் கை வருகிறது.

பிக்கப் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆட்டோமேட்டிக். ஒரு மின்சார ஒப்பந்தக்காரர் வைத்திருந்தது. கம்பி உருளைகளை ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஓடிய வண்டி. ஆயிலை நேரம் தவறாமல் மாற்றியிருக்கிறார். நம்பாமல் நானே கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தேன். உள்ளே ஒரு தட்டுகூடக் கருகவில்லை. உன் கியர் வண்டியைவிட அதிகம் ஓடியிருக்கிறது. நான் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னது வேறு. நான் பார்த்தவை எல்லாம் ஆயில் மாற்றாமல் செத்த பிறகு என்னிடம் வந்த வண்டிகள். மாற்றியவர்கள் என்னிடம் வரவேண்டிய அவசியமே இல்லாமல் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

புது ஆயில் ஊற்றி, ஆயிலைக் குளிர்விக்கிற கூலருக்குத் தனியாகக் காற்றாடி வைத்து எடுத்துக்கொண்டு வருகிறேன். பழைய வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். உன் கண்ணில் அது படவேண்டாம். இந்த ஆட்டோமேட்டிக்கில் சுமையோடு மேட்டுத் தெருவில் ஏறலாம். பார்த்துக்கொண்டால் இன்னும் பதினைந்து வருஷம் உழைக்கும்.

இதில் இடது காலுக்கு வேலையே இல்லை. வலது கால் ஒன்று போதும். மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிவிட்டேன். "நெஜமாவா மச்சான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அப்புறம் அழுதான். நானும் போனை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். உனக்கு என்மேல் உள்ள கோபம் இருக்கட்டும். அவன் மறுபடி ஓட்டட்டும்.

அண்ணன்

ஜூலை 29

அண்ணா,

நீ போன் செய்த நாளிலிருந்து இவர் ஆளே மாறிவிட்டார். கட்டைகளை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போய் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பெருக்கி வைக்கிறார். சவரம் செய்துகொள்கிறார். டிப்போவுக்குப் போய் முதலாளியிடம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அங்கே ஒருவன் பழக்கதோஷத்தில் "வாங்க ஒத்தைச் செருப்பு" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டானாம். "ஏன்டா முழிக்கற, இப்பதான பேரு சரியாப் பொருந்துது" என்று இவரே சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ மாதம் கழித்து இப்போதுதான் கேட்டேன்.

நேற்று டாக்டரிடம் போனோம். வலது காலைப் பார்த்தார். மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, இவரைக் கண்ணை மூடச் சொல்லி, தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். கட்டைவிரல், குதிகால், நடுப்பாதம் என்று எல்லா இடத்திலும் தொட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கண்ணை மூடியபடியே, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இந்தக் காலையாவது காப்பாற்ற வேண்டும். இந்தக் காலால் பிரேக் மிதிக்கக் கூடாது. எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. தெருவில் போகிற குழந்தைகள் குறுக்கே வந்தால் இவருக்கு மிதித்தோமா இல்லையா என்று தெரியாது.

நீ எழுதுகிறாய், கியர்பாக்ஸ் இன்னும் பதினைந்து வருஷம் உழைக்கும் என்று. உழைக்கட்டும். வண்டியைக் கொண்டு வா. அதை நான் ஓட்டப்போகிறேன். ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லித் தருகிறேன் என்கிறார். எனக்கு மிதி தெரியும், பழகிக்கொள்வேன். முதலாளியிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல இரண்டு தடவை போனேன். முதல் தடவை வலது செருப்பை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு எதையோ மிதிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். எடுத்துப்போட்ட பாதம் வலிக்கிறதாம். கட்டைவிரல் எரிகிறதாம், உள்ளங்காலில் அந்த வெட்டு இருந்த இடம் துல்லியமாகத் தெரிகிறதாம். "இருந்தப்ப ஒண்ணும் தெரியலடி. இப்பதான் கிளட்ச் எங்க புடிக்குதுன்னு நல்லாத் தெரியுது" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

என்னால் முடியாது அண்ணா. அவருக்கு அந்த வண்டியைத் தருவதாகச் சொன்னவன் நீ. இல்லை என்று சொல்ல வேண்டியவனும் நீதான். வண்டி விஷயத்தில் அவர் உன் பேச்சை மட்டும்தான் நம்புவார், எப்போதும் அப்படித்தான். வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஏன் என்று நீயே சொல்.

இன்னொன்று. அந்தச் சிவப்பு ஆயிலை அங்கேயே முழுசாக ஊற்றி, சரிபார்த்து எடுத்துக்கொண்டு வா. இங்கே வந்து என் வாசலில் வைத்து அதை ஊற்றாதே.

தங்கச்சி